பேர் எவருக்கு?

பழைய மாணவர் சங்கத்தார் அண்மையில் எமது கல்லூரி நூலகத்துக்கு இரண்டு பெட்டி நூல்களை அன்பளிப்புச் செய்தனர். அவை மருதானைப் பழைய புத்தகக் கடைகளிலே பல ஆண்டுகளாக அவரவர் விருப்பத்துக்கேற்ப வாங்கிச் சேர்த்தவை. அவற்றுள் மிகவும் கசங்கி, முதுகிலே ஒட்டுத்தாள் ஒட்டப்பெற்ற ஆங்கில நாவல் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம். எம்மவருள் அதனைப் படித்தோர் பலர். பதுளையிற் புகையிரதமேறி, தெமோதரைச் சுரங்கத்துள் வண்டி நுழைந்து வளைந்து மேலேறும்போது முதற்பக்கத்தைத் திறந்தவர், கொழும்புக் கோட்டையில் இறங்கும்வரை தலைநிமிரவில்லை என்று கூறுவர். நானுஓயாவிலேயே அதனை மூடி வைத்துவிட்டு, எஞ்சிய வழியெல்லாம் மலைகளைப் பார்த்துக்கொண்டு சென்றவரும் உளர்.

நூலின் பெயர் ‘டொம் கிளான்சியின் ஒப்-சென்டர்’ என்பது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்தது. போர்க்கருவிகளையும் கணினிகளையும் ஒற்றர்களையும் வைத்துப் பின்னப்படும் தொழினுட்ப மர்ம நாவல் என்னும் வகையைச் சேர்ந்தது. சியோல் நகரத்து விழாவொன்றின் நடுவே குண்டு வெடிக்கின்றது. இரு கொரியாக்களும் போர்முனையில் வந்து நிற்கின்றன. அவ்வேளை பார்த்து அமெரிக்க நெருக்கடி நிலையத்தின் கணினிகளுள்ளும் நச்சுநிரல் புகுந்துவிடுகின்றது. கதை இவ்வளவே. ஆயினும் எம்மவரிடையே கிளம்பிய விவாதம் கதையைப் பற்றியதன்று. அதனை எழுதியவர் யார் என்பதைப் பற்றியது.

டொம் கிளான்சி காப்புறுதி முகவராயிருந்தவர். 1984இல் ‘ஹன்ட் ஃபோர் ரெட் ஒக்டோபர்’ என்னும் முதல் நாவலை வெளியிட்டு, நீர்மூழ்கிக் கப்பலின் உள்ளமைப்பை மாலுமிகளே வியக்கும்படி எழுதிப் புகழ்பெற்றார். ஒப்-சென்டர் வரிசை தொடங்கிய காலத்திலே அவருடைய பெயரே கோடிக்கணக்கான பணத்துக்கு ஈடாக நின்றது. அட்டையிற் பெரிதாய் நிற்பது அப்பெயர். நூலை உருவாக்கியோர் கிளான்சியும் ஸ்டீவ் பிசெனிக் என்பவரும் எனவும் அதிலே கண்டிருக்கும். ஆனால் ‘உருவாக்கியோர்’ வேறு, ‘எழுதியவர்’ வேறு. எழுதியவர் ஜெப் ரோவின் என்பவர். முதற்றொகுதியில் அவர் பெயரைக் காண விரும்புவோர் நன்றியுரைப் பக்கத்தைத் தேடிச் செல்லவேண்டும். அங்கே, கையெழுத்துப் பிரதியை ஆயத்தஞ் செய்வதற்கு உதவியவர் என்ற அளவில் அவருக்கு நன்றி கூறப்பட்டிருக்கின்றது. பிற்காலத்துத் தொகுதிகளில் எழுதியவர் அவரே என்பது வெளிப்படையாக அச்சாயிற்று. கிளான்சி 2013இல் மறைந்தார். மறைந்த பின்னரும் அவர் பெயரைப் பேரெழுத்திலும் எழுதியவர் பெயரைச் சிற்றெழுத்திலும் தாங்கிய நூல்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

இச்செய்தி அறிந்ததும் எம்மவர் இருசாராராயினர். ஒருசாரார், “மாம்பழம் இனிக்கின்றதா என்று பார்ப்போம், மரம் நட்டவன் பெயர் எமக்கெதற்கு?” என்றனர். எழுதியவர் விரும்பி ஒப்பந்தஞ் செய்தார், ஊதியம் பெற்றார், எவரும் அவருடைய கையைப் பிடித்து முறுக்கவில்லை என்பது அவர்கள் வாதம். மற்றொருசாரார் தாம் ஏமாற்றப்பட்டதாகவே கருதினர். கிளான்சியின் பெயருக்காகக் காசு கொடுத்தோம். அவர் எழுத்தில் உள்ள நுணுக்க விவரமும் ஆறுதலான நடையும் இங்கில்லை. அத்தியாயங்கள் தந்தி வாசகம்போற் குறுகி ஓடுகின்றன என்று குறைகூறினர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ இருசாராரையும் பார்த்து, “ரோவினுடைய பெயரை அறியுமுன் இக்குறையை உங்களில் எவராவது சொன்னீர்களா?” என்று வினவினார். சிலர் சொன்னதாகச் சாதித்தனர். பலர் வாய் திறக்கவில்லை.

பிறர் எழுத்தைத் தம் பெயரில் அரங்கேற்றும் வழக்கம் அமெரிக்கர் கண்டுபிடித்ததன்று. சைவப் பிள்ளைகளாகிய எமக்குத் தருமியின் கதை தெரியாததா? 1965இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் அதனை நடித்துக் காட்டிய பின்னர், திருவிளையாடற் புராணத்தை ஏறெடுத்தும் பாராதவர்களுக்கும் அது மனப்பாடமாயிற்று. பாண்டியனுடைய ஐயத்தைத் தீர்ப்பவர்க்கு ஆயிரம் பொன். வறியவனாகிய தருமிக்கு ஆலவாய்ப் பெருமானே பாட்டெழுதிக் கொடுக்கின்றார். எழுதிக் கொடுத்தவர் மறைந்து நிற்க, எழுதாதவன் சபை ஏறுகின்றான்.

அக்கதையில் எம் மனத்தைப் பெரிதும் ஈர்ப்பது நெற்றிக்கண் காட்சியன்று. அதற்கு முந்திய ஒரு சிறு கணமே. நக்கீரர் எழுந்து பாட்டிலே பொருட்குற்றம் உண்டென்கிறார். தருமியாற் பதில் கூற முடியவில்லை. கூற இயலாது, பாட்டு அவனுடையதன்றே! கோயிலுக்கு ஓடிச்சென்று அழுகின்றான். அப்பொழுது இறைவன் தாமே புலவர் வடிவந் தாங்கிச் சங்கத்துக்கு வந்து, தம் பாட்டுக்குத் தாமே நின்று வாதிடுகின்றார். குற்றம் சொன்னவன் கேட்கும் கேள்விக்கு எழுதியவரே வரவேண்டியிருக்கின்றது. ஈற்றிலே பொற்கிழி தருமிக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டோ குறுந்தொகையின் இரண்டாம் பாடலாக ‘இறையனார்’ என்னும் பெயரோடு இன்றும் இருக்கின்றது. பொன் ஒருவர்க்கு, பேர் மற்றொருவர்க்கு என்று எம் முன்னோர் பிரித்துக் கொடுத்துவிட்டனர். வறியவனுக்குப் பொன் கிடைத்ததில் இறையனார்க்கும் வருத்தமில்லை, எமக்கும் வருத்தமில்லை.

ஒப்-சென்டரிலே நடந்தது இதற்கு மறுதலை. பேரும் பொன்னின் பெரும்பங்கும் சபை ஏறியவர்க்கே போயின. எழுதியவர்க்குக் கூலியும் நன்றியுரைப் பக்கத்தில் ஒரு வரியும் கிடைத்தன. நாவலிற் பொருட்குற்றங் கண்ட வாசகர் எவரிடம் போய்க் கேட்பது?

பெயரை மாற்றிக்கொள்வதே குற்றம் என்று நாம் கூற வரவில்லை. தமிழிலே விஞ்ஞானக் கதைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் திரட்டிய சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன் என்பதும், சுஜாதா என்பது அவருடைய துணைவியாரின் பெயர் என்பதும் யாவரும் அறிந்தவை. பாரத் எலக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்திற் பொறியியலாளராயிருந்து, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவுப் பொறி உருவாவதிற் பங்குகொண்ட ஒருவர், ‘என் இனிய இயந்திரா’வை மனைவியின் பெயரில் எழுதினார். பெயர் இரவல், பேனா அவருடையது. நாவலைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் அவரே பதில் எழுதினார். எமது பதுளைப் பகுதித் தோட்டமொன்றிலே 1934இற் பிறந்த ஜோசப், தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே முன்னிட்டுக்கொண்டு தெளிவத்தை ஜோசப் ஆனார். ‘காலங்கள் சாவதில்லை’ நாவலைப் படித்தவர்க்கு அத்தோட்டம் எங்கேயிருக்கின்றது என்று தேடத் தோன்றும். தோட்டத்துக்கு அவராற் பேர் வந்தது.

ஒருவர் விட்ட பணியை மற்றொருவர் முடிப்பதும் குற்றமன்று. கல்கி 1954இல் மறைந்தபோது ‘அமரதாரா’ முற்றுப்பெறாமல் நின்றது. அவருடைய மகளார் ஆனந்தி அதனை முடித்துவைத்தார். முடித்தவர் இன்னார் என்பது வாசகர்க்குத் தெரிந்திருந்தது. எம் மலையகத்துச் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திற் பாடியதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சக்தீ பாலையா. வேலுப்பிள்ளையைப் படிக்கும் தமிழ்ப்பிள்ளைகள் அவர் பெயரையும் சேர்த்தே அறிவர். இவற்றால் எவருடைய புகழ் குறைந்தது?

பிரான்சு தேசத்திலே குறைந்ததாக ஒருவர் வழக்கே தொடுத்தார். ‘மூன்று மஸ்கெட்டியர்’ முதலிய நாவல்களால் உலகப் புகழ்பெற்ற அலெக்சாந்தர் டூமாவுக்குக் கதைக்கட்டும் வரலாற்றுச் செய்திகளும் முதல் எழுத்தும் ஆயத்தஞ் செய்து கொடுத்தவர் ஓகுஸ்த் மாக்கே. பெயர் வேண்டி அவர் நீதிமன்றம் ஏறினார். 1858இல் வந்த தீர்ப்பு அவருக்குப் பணம் கொடுக்கும்படி கூறியது. நூலாசிரியர் என்னும் பெயரைக் கொடுக்கவில்லை. அத்தீர்ப்பைப் படிக்குந்தோறும் எமக்கு எம்முடைய பெரட்டுக்களமே நினைவுக்கு வருகின்றது.

ஏன் என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். தோட்டத்தில் நாட்கூலிக்கு வழங்கும் சொல் ‘பேர்’. கொழுந்து குறித்த நிறைக்கு வந்தால் ‘பேர் விழுந்தது’ என்பார்கள். நிறை குறைந்தாலோ, பிந்தி வந்தாலோ, கணக்கப்பிள்ளைக்குக் கோபம் வந்தாலோ ‘அரைப்பேர்’. ஸ்பிரிங்வெளியிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் ஹப்புத்தளையிலும் எம் தாய்மார் அரைப்பேரென்று கேட்டுக் கண்கலங்கித் திரும்பிய நாள்கள் எத்தனை! செக்ரோலிலே பெயர் பதியப்படாமற் காசு இல்லை. ஆகவே பெயரும் காசும் எம் மக்களுக்கு ஒரே சொல்லாயின. கூலியைக் கொடுத்துவிட்டோமே, பேர் எதற்கு என்ற கேள்வியை அமெரிக்கப் பதிப்பாளர் கேட்கலாம், பாரிசு நீதிபதியும் கேட்கலாம். ஊவாத் தோட்டத்தில் அக்கேள்வியைக் கேட்டால், கேட்டவர் என்ன மொழி பேசுகிறார் என்றே திகைப்பார்கள்.

ஆயினும் செக்ரோலுக்கு வெளியே அப்பேர் போவதில்லை. ஹப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னைத் தோட்டம் இருக்கின்றது. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டங்களுள் அது புகழ்வாய்ந்தது. அவர் அமர்ந்து தம் நிலத்தைப் பார்த்த குன்று இன்றும் ‘லிப்டன் சீற்’ என்னும் பெயரோடு உல்லாசப் பயணிகளை வரவேற்கின்றது. தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று அவர் உலகெங்கும் விளம்பரஞ் செய்தார். பொதியிலே அவர் பெயர். அவர் வாணிகத்தில் வல்லவர். தேயிலையை எளியோருக்கும் எட்டும் விலையில் விற்றார். அப்புகழை நாம் பறிக்கவில்லை. ஆனால் ஆடி ஆவணியிலே கச்சான் காற்று மலையேறி வீசும்போது ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணத்தைக் கொழும்பு ஏலத்திலே தோட்டத்தின் மார்க்கைக் கொண்டு அறிவார்களேயன்றி, அக்கொழுந்தைக் கிள்ளிய விரலைக் கொண்டு எவரும் அறியார். ‘டொம் கிளான்சியின்’ என்று அட்டையிற் கண்டபோது எம்முட் சிலர்க்கு மனம் உறுத்தியதற்குக் காரணம் இதுவே. நாம் அந்த அட்டையின் மறுபுறத்திலிருந்து வந்தவர்கள்.

நிற்க. இவ்விடத்தில் எம் தரப்பையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நாமும் பிறர்க்கு எழுதிக் கொடுத்தவர்களே. லயத்துப் பிள்ளைகளாய்ப் படித்த எம்மிற் பலர் ஞாயிற்றுக்கிழமை தோறும் காம்பரா வாசலிலிருந்து அயலாருக்குக் கடுதாசி எழுதினோம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் போய்ச் சேர்ந்த உறவினர்க்கு எழுதியவையே மிகுதி. மூதாட்டி ஒருத்தி சொல்லச் சொல்ல எழுதி, ‘இப்படிக்கு’ என்பதன் கீழே அவள் பெயரையே இடுவோம். அது பொய்யன்று. சொல் அவளுடையது, கை மட்டுமே எம்முடையது. ஒருமுறை எம்முள் ஒருவர் புதிதாய்க் கற்ற செந்தமிழின் மயக்கத்தால், அயல் வீட்டம்மா சொன்னதை விட்டுவிட்டு உவமையும் உருவகமுமாக ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். மறு தபாலில் வந்த பதில் இரண்டே வரி: “இதை எழுதினது யாரு? எங்க அக்கா இப்பிடிப் பேசாதே.” கிளான்சியின் வாசகர் சிலர் ஒப்-சென்டரைப் படித்துவிட்டுக் கூறியதும் ஏறக்குறைய இதுவேயன்றோ?

கை மட்டும் கொடுத்தவர்க்கும்கூட எம் மரபு இடம் ஒதுக்கியிருந்தது. வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார் என்று சொல்லும்போது எழுதியவரை நாம் மறக்கவில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் பலவற்றின் இறுதியிலே, எழுத்து இன்னானுடையது என்று கண்டிருக்கும். ஏடு பெயர்த்தெழுதியோர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் கடைசி ஏட்டிலே குறித்துவைத்தனர். உறுதி எழுதுவோரும் அடியிலே கையொப்பமிட்டனர். எழுதியவனை மறைக்கவேண்டும் என்ற எண்ணம், பெயர் விலைப்பொருளான பின்னரே வலுப்பெற்றது. (இம்மலரின் முற்பக்கங்களிலுள்ள ஆசிச் செய்திகளுள் எத்தனை, கையொப்பமிட்ட பெருமக்களாலேயே எழுதப்பட்டவை என்று எவரும் கேட்கவேண்டாம். மலர்க்குழுவினர் களைத்திருக்கின்றனர்.)

இவ்விவாதம் முதியோர் பொழுதுபோக்காக முடிந்திருக்கும். முடியாமற் செய்தவர் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர். மேற்கூறிய உரையாடலை வாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர், “சேர், கட்டுரைப் போட்டிக்கு நான் வேறொருவரைக்கொண்டு எழுதுவித்தால் நீங்கள் என்னைத் தண்டிப்பீர்கள். இவருக்கு மட்டும் நூலகத்தில் இடமா?” என்று கேட்டார். மாம்பழக் கட்சியார்க்குப் பதில் வரவில்லை. ஏனெனில் அவர்கள் வாதப்படி கட்டுரை நன்றாயிருந்தாற் போதும். இன்று அண்ணன்மாரும் தனியார் வகுப்பு ஆசிரியரும் மட்டுமல்லர், கணினியும் கேட்ட மாத்திரத்தே கட்டுரை எழுதித் தருகின்றது. அதற்குப் பேரும் வேண்டாம், கூலியும் வேண்டாம். அதனால் எவருக்கும் அநீதியில்லை என்று மாணவர் சிலர் கருதுகின்றனர்.

நாம் அம்மாணவருக்குக் கூறிய விடை தருமியைப் பற்றியது. கட்டுரையை வாசித்து முடித்ததும் நடுவர் ஒருவர் எழுந்து, “மூன்றாம் பந்தியில் இவ்வாறு சொல்கிறாயே, ஏன்?” என்று கேட்பார். எழுதியவர்க்கு அக்கேள்வி இன்பம். எழுதாதவர்க்கு அது நக்கீரர் எழுந்து நிற்கும் கணம். ஓடிப்போய் அழுவதற்குக் கணினியின் முன்னே சந்நிதியும் இல்லை. அது சபைக்கு வந்து எமக்காக வாதிடப் போவதுமில்லை. ரோவினாவது இருக்கிறார், கேட்டாற் பதில் சொல்லக்கூடியவர். அவரைக் கேட்கத்தான் நூலட்டை வழிவிடவில்லை.

ஆகவே எமது கருத்து இது. ஒப்-சென்டர் நூலகத்தில் இருக்கட்டும். சியோல் வெடிப்பும் நச்சுநிரலும் படிக்க விறுவிறுப்பானவையே. பாத்திரங்களுக்கு உயிரோட்டம் போதாது என்பாரோடு நாமும் உடன்படுகின்றோம். அக்குறை மறைந்திருந்து எழுதியதால் வந்தது என்பாரோடு உடன்படோம். சொந்தப் பெயரில் எழுதியோரிடமும் அதனைக் கண்டிருக்கின்றோம். ஏமாற்றப்பட்டோம் என்று கூறுவோர், கொடுத்த காசைப் பற்றியே பேசுகின்றனர். எழுதியவருடைய பேரைக் கேட்பதாயின் அவர்கள் பக்கம் நிற்க நாம் ஆயத்தம். நன்றியுரைப் பக்கத்தில் ஒரு வரி அரைப்பேர்தான்.

நூலைப் பதியும் வேளையில் நூலகப் பொறுப்பாளர், எப்பெயரிற் பதிவது என்று எம்மைக் கேட்டார். அட்டையில் உள்ளபடி பதிவதே விதி என்றனர் சிலர். நெடுநேரப் பேச்சின்பின், கிளான்சி என்பதன் கீழ் ஒரு பதிவும், ‘எழுதியவர்: ஜெப் ரோவின்’ என வேறொரு பதிவும் இடப்பட்டன. சென்ற வாரம் அப்பதிவேட்டைப் புரட்டியபோது, ரோவின் பெயருக்கெதிரே எவரோ ஒரு மாணவர் பென்சிலால் ‘முழுப்பேர்’ என்று குறித்திருப்பதைக் கண்டோம். பதிவேட்டில் எழுதலாகாது என்பது நூலக விதி. பொறுப்பாளர் அதனை இன்னும் அழிக்கவில்லை.